விட்டுக்கொடுத்த கீழ்த்தளம்

என் அக்காவின் நிச்சயதார்த்தம் அவள் எழுதிய ஒரு சிறுகதையால் நின்றுபோக இருந்தது. அந்தக் கதையில் யாருடைய பெயரும் இல்லை. யாரைப் பற்றிய குற்றச்சாட்டும் இல்லை. ஒரு பெண் தன்னைப் பற்றித் தானே பேசிக்கொண்டு போகிறாள், அவ்வளவுதான். அந்தப் பெண் என் அக்காதான் என்று மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக்கொண்டார்கள்.

வலியசாலையில் ஒரு துணிக்கடையின் மேல்தளத்தில், ஞாயிறு மாலைகளில் கூடும் தமிழ் வாசிப்புக் குழு ஒன்று எங்களுக்கு உண்டு. சமூகப்பணியில் முதுகலை முடித்த நாளிலிருந்து அதை ஒருங்கிணைக்கும் வேலையை நான் செய்து வருகிறேன். ஒரு வாரம் சிறுகதை, மறு வாரம் கட்டுரை. கடைக் கணக்கர்கள், ஓய்வுபெற்றவர்கள், தம்பானூர் ஹோட்டல்களில் வேலை செய்யும் தென்காசிப் பக்கத்து இளைஞர்கள் என்று பலவகையானவர்கள் வருவார்கள். எழுதப்பட்ட ஒரு சொல் எங்கே போய் யாரை எப்படித் தொடும் என்று யோசிக்கும் பழக்கம் எனக்கு முன்பே இருந்தது. குழு அதை அதிகப்படுத்தியது. கதையைச் சொல்கிறவரும் கதையை எழுதியவரும் ஒருவரே என்று கொள்ளக் கூடாது என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தேன். ஒருமுறை ஹோட்டலில் தோசை வார்க்கும் ஒருவர் கையைத் தூக்கிக் கேட்டார்: “எழுதினவரு சொல்லலேன்னா அப்பம் யாரு மேடம் சொல்லுகது, பேயா?” அன்று கூட்டம் சிரிப்பிலேயே முடிந்தது. அவருடைய கேள்விக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அக்கா விழிஞ்ஞத்தில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். போகவர நேரும் பேருந்துப் பயணத்தில் எழுதுகிறவள். குழுவின் ஆண்டு மலருக்கு அவள் கொடுத்த கதையின் நாயகி, தன்னை மிகப் பெரிய தியாகி என்று நம்புகிறவள். பெண் பார்க்க வந்த வீட்டைப் பற்றி அவள் இப்படிச் சொல்கிறாள்: ‘எனக்குப் பேராசை கிடையாது. மாடி மட்டும் போதும்.’ அடுத்த பத்தியில்: ‘விட்டுக்கொடுப்பது என் இயல்பு. கீழ்த்தளம் முழுவதையும் அவர்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன்.’ அதற்கடுத்து, குழுவில் வாசித்தபோது எங்களைக் குலுங்க வைத்த வரி: ‘அவருடைய அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாதாம். கடவுள் யாரையும் கைவிடுவதில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.’

மலர் வழக்கம்போலத் தாமதமானது. விளம்பரம் சேரவில்லை, அச்சகத்தில் ஆள் இல்லை, மழை. அது வெளிவந்தபோது அக்காவுக்குக் கரமனையிலிருந்து ஒரு வரன் வந்து, இரு வீடும் பேசி, நிச்சயத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு முன் வந்த வரன்களைப் பார்த்துவிட்டு அவள் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொள்வாள். இவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று, கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடியும் எடுத்துக் கழுவினாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

ஒரு சங்கடமான ஒற்றுமையை முதலில் கண்டவர் அப்பா. மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், “அந்த அம்மாவுக்கு முட்டுவலி, மாடி வேற சும்மா கெடக்கு. உன் கதையில உள்ளது போலயே இருக்கே” என்றார். ஆட்டோவில் நாங்கள் சிரித்தோம். சிரிக்க முடிந்ததற்குக் காரணம், அந்த வீட்டில் யாரும் அதை வாசிக்கப் போவதில்லை என்று நாங்கள் எண்ணியிருந்ததுதான். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது நல்ல நாஞ்சில் தமிழ். ஆனால் தலைமுறையாக இங்கே மலையாளப் பள்ளிகளில் படித்தவர்கள். மாப்பிள்ளை கட்டடப் பொறியாளர். நாகர்கோவில் பேருந்தின் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பேருந்து புறப்பட்டுவிடும் என்று அவரே சொன்னார்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பூவும் பழமும் கொண்டுபோன ஒரு நாளில் மலரின் பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த வீட்டில் ஒரே ஒருவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்பது அப்போது எங்கள் நினைவில் இல்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா, அதாவது பெரியப்பாவின் மனைவி. திருநெல்வேலியிலிருந்து மருமகளாக வந்தவர். கர்க்கடகம் எனும் ஆடி மாதத்தில் இங்கே வீடுதோறும் விளக்கேற்றிப் புராணம் வாசிப்பார்கள் அல்லவா, அந்த வீட்டில் ஆண்டாண்டாக அதைத் தமிழில் வாசித்து வருபவர் அவர்தான். அக்காவின் கதையையும் வீட்டாருக்கு அவர்தான் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

நிச்சயத்துக்குச் சில நாட்களே இருந்தபோது மாப்பிள்ளையின் அம்மா தொலைபேசியில் அழைத்தார். அம்மா ஒலிபெருக்கியை அழுத்திவிட்டாள்.

“மைனி, ஒண்ணும் நெனக்காதிய. நாள கொஞ்சம் தள்ளி வைக்கலாமான்னு ஒரு யோசன.”

“ஏன் மைனி, முட்டுவலி கூடுதலா?”

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு, “முட்டுவலிக்க காரியம் ஒங்க மகளுக்கு நல்லாட்டு தெரியுமில்லா. மாடி வேணும்னா நேர கேட்டிருக்கலாம். எனக்க வலிக்கு தெய்வத்துக்கு நன்றி சொல்லிருக்க வேண்டாம்” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எங்களை உலுக்கியது.

வீட்டில் உடனே இரண்டு கட்சிகள் உண்டாயின. “ஒரு ஸாரி சொன்னா தீருற காரியம். இப்பமே விளிக்கேன்” என்றார் அப்பா.

“எதுக்கு ஸாரி? நான் எழுதினதுக்கா, அவங்க வாசிச்சதுக்கா?” என்றாள் அக்கா.

“ரெண்டுக்கும் சேர்த்து சொல்லு. ஒரு வார்த்தைதானே.”

“அப்பா, நான் மன்னிப்பு கேட்டா அது நான்தான்னு ஆயிரும். பிறகு அந்த வீட்டுல இருந்து நான் என்ன எழுதினாலும், இது யாரு, இது எந்த முட்டுன்னு தேடிட்டு இருப்பாங்க.” பிறகு மெல்லச் சொன்னாள்: “அத்தை சொன்னது போகட்டும். அவருக்கு என்னை விளிச்சு ஒரு வார்த்த கேக்கத் தோணல்லியே.”

அவளுடைய உண்மையான வருத்தம் எது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு பக்கத்தையும் நான் எடைபோட்டுப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டால் அக்கா தன் எழுத்தை இழப்பாள். கேட்காவிட்டால் தான் விரும்பும் மனிதரை இழப்பாள். ஆனால் மூன்றாவதாக ஒரு பக்கமும் இருந்தது. கரமனையில் ஒரு பெண்மணி, தன் வலியைக் கண்டு வரப்போகும் மருமகள் மகிழ்ந்தாள் என்று நம்பிக்கொண்டு, அந்த வலியோடு உட்கார்ந்திருந்தார். அவர் கதையைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். அதனால் அவருக்கு நேர்ந்த வருத்தம் தவறானது ஆகிவிடாது. நேரில் போவதுதான் முறை என்று நான் சொன்னேன். அப்பா வந்தால் வாசலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுவார் என்பதால், அவரை வீட்டில் நிறுத்திவிட்டு நாங்கள் மூவரும் புறப்பட்டோம்.

கரமனை வீட்டில் எங்களை எதிர்பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பிரம்பு நாற்காலியில், ஒரு காலை முக்காலி மீது நீட்டி உட்கார்ந்திருந்தார். “எழும்பல்ல மைனி, முட்டு சம்மதிக்காது” என்றவர், தாம் என்ன சொன்னோம் என்று உணர்ந்ததும் வாயை மூடிக்கொண்டார். அந்தச் சொல் கூடத்தின் நடுவில் விழுந்து கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. பெரியம்மா மடியில் மலரை வைத்துக்கொண்டு சோபாவில் நிமிர்ந்து அமர்ந்திருந்தார். மாப்பிள்ளை உள்வாசல் நிலையில் சாய்ந்து, விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஆயத்தமாக வந்திருந்தேன். பார்வைக்கோணம் என்றால் என்ன, முரண்நகை என்றால் என்ன என்று தொடங்கினேன். “ஒரு கதாபாத்திரம் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும், ஆனால் எழுதியவர் வாசகருக்கு அதன் மறுபக்கத்தைக் காட்டிக்கொண்டே இருப்பார். சொல்லப்படுவதற்கும் உணர்த்தப்படுவதற்கும் இடையில் உள்ள...”

“ஏட்டி,” என்றார் பெரியம்மா, “எங்கூர்ல நான்னு சொன்னா நான்தாம். ஒங்கூர்ல பக்கத்து வீட்டுக்காரியா?”

மாப்பிள்ளையின் அம்மா விரக்தியாகத் தலையசைத்தார். “படிச்ச பிள்ளைக, நம்மகிட்ட என்ன வேணும்னாலும் சொல்லலாம், அல்லே?”

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. நான் அவர்களிடம் வந்து வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். சட்டென்று நிறுத்திவிட்டு, அன்று வாசித்தது போலவே எங்களுக்கும் ஒருமுறை வாசித்துக் காட்ட முடியுமா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். எங்கே பிழை நேர்ந்தது என்று பார்க்க விரும்பினேன். வேறு திட்டம் எதுவும் என்னிடம் இல்லை.

பெரியம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டினார். தொண்டையைச் செருமினார். புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். பிறகு அவரிடமிருந்து புறப்பட்ட குரலை நான் மறக்க முடியாது. ‘எனக்குப்... பேராசை... கிடையாது’ என்று ஒவ்வொரு சொல்லையும் நீட்டி, வாக்கியத்தின் கடைசியில் குரலைத் தாழ்த்தி, கேட்பவர் மனத்தில் பதிய இடைவெளி விட்டு வாசித்தார். வானத்திலிருந்து யாரோ தீர்ப்புச் சொல்வது போல் இருந்தது. ‘மாடி... மட்டும்... போதும்’ என்றபோது எனக்கே என் அக்காவைக் கண்டு பயமாகிவிட்டது. விளையாட்டாகக் கண் சிமிட்டிய வரிகளெல்லாம் அந்தக் குரலில் விறைத்துப்போய்க் கைகட்டி நின்றன. எங்கள் குழுவில் இதைச் சிரிப்பாக்கியது கதை மட்டும் அன்று, நாங்கள் வாசித்த தொனியும்தான் என்று அப்போது விளங்கியது. பேச்சுத் தமிழ் இருந்து எழுத்துத் தமிழ் இல்லாத வீடுகள் இந்த ஊரில் எத்தனையோ. அங்கெல்லாம் ஒரு கதை யாரோ ஒருவரின் வாய் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். அந்த வாய் எதற்குப் பழகியிருக்கிறதோ அதுவாகவே கதையும் ஆகிவிடுகிறது.

“கடவுள்னு இவிய வாசிச்சதும் நான் பழக்கத்துல கும்பிட்டுட்டேன்” என்றார் மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக. “பெறவாக்கும் தெரிஞ்சது, எனக்க முட்டுவலிக்கு நானே கும்பிட்டிருக்கேன்னு.”

அம்மா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

அதுவரை பேசாதிருந்த அக்கா எழுந்து போய்ப் பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “பெரியம்ம, ஒண்ணு கேக்கட்டா? உங்களுக்குத் தெரிஞ்சு இப்பிடி யாராவது உண்டா? எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு, எல்லாத்தையும் விட்டுக்குடுத்தேன்னு சொல்லிட்டு நடக்கிறவங்க?”

“ஏன் இல்லாம?” என்றார் பெரியம்மா உடனே. “எங்க நாத்தனா ஒருத்தி உண்டு. பந்தியில மொத எலையில உக்காந்து, நல்லா சாப்பிட்டு எந்திரிச்சு வந்து, கடேசி பந்திக்காரங்களுக்கு எடம் விட்டுக் குடுத்தேம்பா.”

பிரம்பு நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பெரியம்மாவின் நாத்தனார் மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் நாத்தனார்தானே! “மெல்ல சொல்லுங்கக்கா, அடுத்த தெருவுலயாக்கும் இருக்கா” என்றார் அவர், உதட்டைக் கடித்துக்கொண்டு.

“அவளுக்குக் கேட்டா என்ன, என்னைப் பத்தி நல்லாத்தான் சொன்னாங்கன்னு சந்தோசப்படுவா” என்றார் பெரியம்மா.

“அவங்க இப்ப இங்க வந்து உக்காந்து இதையெல்லாம் சொல்றாங்கன்னு வச்சுக்கோங்க பெரியம்ம,” என்றாள் அக்கா. “அப்பிடி வாசிங்க.”

பெரியம்மா அக்காவை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு மலரைப் பார்த்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். போர்த்தியிருந்த தலைப்பை எடுத்து விசிறிக்கொண்டார். முகவாயை லேசாகத் தூக்கி, வேறொரு பெண்ணின் குழைந்த குரலில் தொடங்கினார்: “எனக்குப் பேராசையே கெடையாது பாத்துக்கோ. மாடி மட்டும் போதும்!”

மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். “அய்யோ, அவளேதான்!”

‘கீழ்த்தளம் முழுவதையும் விட்டுக்கொடுத்தேன்’ என்ற இடத்தில் பெரியம்மா கையை அகல விரித்து, தரையை எங்கள் எல்லாருக்கும் தானமாக வழங்கினார். முழங்கால் வலி வந்ததும் கண்ணை மேலே செருகி, “கடவுள் யாரையும் கைவிட மாட்டாரும்மா” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அந்த முட்டுக்குச் சொந்தக்காரர் முக்காலியிலிருந்து காலை எடுத்துத் தரையில் ஊன்றி, குனிந்து குனிந்து சிரித்தார். “நிறுத்துங்கக்கா, வலிக்கி... நிறுத்தாதிய, வாசிங்க!” அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. மாப்பிள்ளை நிலையை விட்டுக் கூடத்துக்குள் வந்திருந்தார்.

பெரியம்மா பக்கத்தைத் திருப்பினார். “இதுக்கு மேல நாங்க வாசிக்கலியே” என்றார். அன்று தெய்வத்துக்கு நன்றி சொன்ன இடத்திலேயே போதும் என்று சொல்லி மாப்பிள்ளையின் அம்மா எழுந்து போய்விட்டாராம். கதையின் பின்பாதி அந்த வீட்டுக்கு இன்னும் வந்து சேரவே இல்லை. பாதியில் நின்ற கதையை முழுவதும் நடந்ததாக எடுத்துக்கொண்டு, ஒரு நிச்சயத்தைத் தள்ளிவைக்க முடிவு செய்திருக்கிறார்கள்.

அவர் தொடர்ந்து வாசித்தார். திருமணம் முடிந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாயகி மாடிப்படி ஏறுகிறாள். மேலே கொடியில் அறிமுகமில்லாத துணிகள் காய்கின்றன. அறைகளில் நர்ஸிங் படிக்கும் பெண்கள் பாடம் படித்துக்கொண்டிருக்கிறார்கள். மாமியார் போன வாரமே மாடியை வாடகைக்கு விட்டுவிட்டார். கீழிருந்து மாமியாரின் குரல் வருகிறது. கதை முழுவதிலும் அவர் பேசும் ஒரே இடம் அது: ‘படிக்கிற பிள்ளைகள், பாவம். நீதான் விட்டுக்கொடுக்கிற குணம் உள்ளவளாயிற்றே!’

மாப்பிள்ளையின் அம்மா தொடையில் ஓங்கித் தட்டினார். “அது சரி! நர்ஸிங் பிள்ளைக! எனக்கிது தோணல்லியே. முட்டுக்கு ஒரு நர்ஸும் ஆச்சு!”

“அம்மா, அது கதை” என்றார் மாப்பிள்ளை.

“கதைன்னு எனக்குத் தெரியாதாக்கும்?” என்று அவர் மகனை அதட்டினார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். “மக்களே, இத எப்பம் எழுதினே?”

“போன வருஷம் அத்தை. உங்களை எல்லாம் பாக்கதுக்கு முன்னால.”

“அப்போ இது யாருக்க முட்டு?”

“யாருக்க முட்டும் இல்ல. அந்த அம்மா படி ஏறாம இருக்கணும். ஏறினா கதை நடக்காது. அதனால நானா ஒரு வலிய வச்சேன்.”

அவர் தம் காலைக் குனிந்து பார்த்தார். “தெய்வம் எனக்கு வச்சுது, நீ கதைக்கு வச்சே. ரெண்டு பேரும் என்கிட்ட கேக்கல்ல” என்றார். இதுவரை எங்கள் குழுவில் நாங்கள் கதைப்பின்னலைப் பற்றிப் பேசியதையெல்லாம்விட அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கும் அளவுக்கு அதற்குள் எனக்கு அறிவு வந்திருந்தது.

பெரியம்மா காப்பி போட எழுந்தார். போகும்போதும் குரலை மாற்றிக்கொள்ளாமல், “எனக்குக் காப்பி ஆசையே கெடையாது, டபராவோட குடுத்தா போதும்” என்று சொல்லிக்கொண்டே போனார். அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் நாத்தனாரைப் பற்றிய பேச்சில் இறங்கிவிட்டார்கள்; அம்மாவுக்கும் அப்படி ஒருவர் உண்டு என்று அன்றுதான் நான் கேள்விப்பட்டேன். எல்லாம் தெளிந்துவிட்டதைப் போலத் தோன்றியது. அக்காவின் முகம் மட்டும் இன்னும் முழுவதும் தெளியவில்லை.

மாப்பிள்ளை மலரை எடுத்து, தனக்குப் படிக்கத் தெரியாத அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் நேராகவே கேட்டாள்: “அத்தைக்கு என்னைத் தெரியாது. நீங்களாவது விளிச்சு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்லியா? இது நீதானான்னு?”

அவருடைய காதுகள் சிவந்தன. மலரை மூடி, மறுபடியும் திறந்தார்.

“கேக்கலாம்னு ஃபோன எடுத்தேன். ஒரு தடவ இல்ல,” என்றார். “கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா?”

கூடத்தில் இருந்த இரண்டு தாய்மார்களும் நாத்தனார்களை அப்படியே பாதியில் விட்டார்கள். முடிவு தனக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பாமலே வைத்திருக்கும் வாசகர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குக் கதை பிடிக்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அக்கா அவரைப் பார்த்தாள். அவளுடைய உதட்டோரம் முதலில் அசைந்தது. அதன்பின் அடக்க முடியாமல் சிரித்தாள்.

“ஆமான்னு சொல்லிருந்தா?” என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

“மாடிய குடுத்துட்டு நான் கீழ இருந்திருப்பேன்” என்றார் அவர்.

“விட்டுக்குடுக்க ஆளு நீயாக்கும்!” என்றார் அவருடைய அம்மா. “மைனி, நாளு மாறல்ல, கேட்டியளா? பாயசம் ஒண்ணு மதியா, ரெண்டு வகை வேணுமா, அத இப்பமே சொல்லுங்க.”

பாயசத்தைப் பற்றிய விவாதம் காப்பி வந்து, ஆறி, மறுபடியும் சூடாக்கப்பட்டு வந்த பிறகும் நீண்டது. நடுவில் அம்மாவின் தொலைபேசி ஒலித்தது. வீட்டில் காத்திருந்த அப்பாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“என்னாச்சு? ஸாரி சொன்னியளா? நான் வேணும்னா அவங்ககிட்ட பேசட்டா?” அவருடைய குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“ஒருத்தரும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல்ல” என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “சிரிச்சு முடிக்கதுக்குள்ள அதுக்கு நேரமில்லாமப் போச்சு. நீங்க சேமியா பாயசத்துக்கா, அடப்பிரதமனுக்கா, அத மட்டும் சொல்லுங்க. இங்க ரெண்டு பக்கமும் ஓட்டு சமமா நிக்குது.”